பசந்தி சொன்னதும் நான் சொன்னதும்

கண்ணு,

மாடி ஏறும்போது முட்டி வலிக்கிறது, மற்றபடி என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் பத்து நாளாகச் சரியில்லை. அதற்குக் காரணம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தக் குறிப்பு. வருகிற சனிக்கிழமை தண்டலத்தில் ஒரு காலேஜ் ஹாலில் இளம் வக்கீல்களுக்கு நீ வகுப்பு எடுக்கப்போகிறாய். கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக ஆஜராகும்போது, பாஷை பெயர்த்துச் சொல்கிறவரை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்று வகுப்பு. கடைசியில் எனக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், நான் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா அதைப் படித்த நாளிலிருந்து பென்னலூரில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்தச் சால்வையை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்ல உனக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் தக்காளி விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

உன் குறிப்பில் ஏழாம் பக்கத்தைப் பார். ஒரு கேஸை உதாரணமாகக் கொடுத்திருக்கிறாய். பெயரை மாற்றியிருக்கிறாய், ஆனால் அது பசந்தி என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பெண், வயது இருபத்தாறு, ஒப்பந்தக்காரர் நடத்திய ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், ஹாஸ்டல் இன்சார்ஜ் மேல் புகார் கொடுத்தாள். அதன் கீழே நீ எழுதியிருப்பது இது: முதல் நாள் சொல்லாத விஷயங்களை அந்தப் பெண் பிறகு கோர்ட்டில் கூட்டிச் சொன்னாள், அதனால்தான் கேஸ் விழுந்தது, கட்சிக்காரர்கள் போகப்போகக் கதையை வளர்ப்பார்கள், முதல் நாளே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது பேர் இதை நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். அந்த நாற்பது பேரும் இனிமேல் அழுதுகொண்டு வருகிற ஒவ்வொரு பெண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அதற்கு நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

நான் எப்படி இந்தப் பாஷை பெயர்க்கிற வேலைக்கு வந்தேன் என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். என் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, கட்டாக்கில் பத்தொன்பது வயது வரைக்கும் வளர்ந்தேன், ஒடியா எனக்குத் தமிழ் மாதிரி என்பாய். ஆனால் என்னை முதலில் இதில் இழுத்தது பெருமை இல்லை, அருவருப்பு. ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க உன் அப்பாவோடு கோர்ட்டு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண், தாடை வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. புருஷன் அடித்தது. அவள் ஒடியாவில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். வக்கீல் அவளைப் பார்க்கவே இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை பெயர்க்க அவர் பிடித்து வைத்திருந்தது யாரை தெரியுமா? அவள் புருஷனின் அண்ணனை.

"இன்னாபா சொல்லுது?" என்றார் வக்கீல்.

"வூட்டுக்கே போறேன்னு சொல்லுது சார். சமாதானமா போயிடலாம்னு சொல்லுது."

அவள் சொன்னது, இவர்களோடு என்னை அனுப்பினால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று. நான் பக்கத்தில் போய், "சார், அது அப்படிச் சொல்லல" என்றேன். "நீ யாருமா? உனக்கு இன்னா வேணும்?" என்றார். அன்றைக்கு அவர் சட்டைக் காலரைப் பிடித்திருப்பேன், உன் அப்பா பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால். அதன் பிறகு நானே பாஷை பெயர்க்கப் போக ஆரம்பித்தேன், எத்தனையோ பார்த்துவிட்டேன். வடக்கத்திப் பெண் என்றால் ஹிந்திதான் என்று முடிவு செய்து, வராந்தாவில் நின்று "யாருக்குப்பா ஹிந்தி தெரியும்?" என்று கூவுவார்கள். டீக்கடை மாஸ்டர் வருவார். லாரி டிரைவர் வருவார். எந்த ஆள் அவளை வேலைக்குக் கூட்டிவந்து அடைத்து வைத்தானோ, அந்த ஏஜென்டே வந்து நிற்பான், "நான் சொல்றேன் சார்" என்று. அந்த ஆளுக்கு முன்னால் அவள் வாயைத் திறப்பாளா என்று சட்டம் படித்த ஒருத்தருக்கும் தோன்றாது. டைப்பிஸ்ட் சரியாக அடிக்கிறாரா என்று பத்துத் தடவை பார்க்கிற ஆட்கள், ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையையும் யார் வாயில் வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒரு திமிரும் இருந்தது. அந்தத் திமிரைப் பற்றித்தான் இனி எழுதப்போகிறேன்.

நீ சீனியரை விட்டு வெளியே வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் தனியாக ஆபீஸ் போட்ட சமயம். உன்னுடைய முதல் பெரிய கேஸ் பசந்தி. என்னிடம் ஞாயிற்றுக்கிழமை ஒடியா பேசுவதற்காகவே வருகிற பெண்களில் அவளும் ஒருத்தி. ஒடியாவில் மாவுசி என்றால் சின்னம்மா, என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான்தான் அவளை உன்னிடம் கூட்டிவந்தேன். நீ நாற்காலிகளை எப்படிப் போட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? உனக்கு நேர் எதிரே நான். அவள் சுவர் ஓரமாக, யாரோ துணைக்கு வந்தவள் மாதிரி. "அந்தப் பொண்ணுகிட்ட இன்னா நடந்துச்சுன்னு கேளும்மா" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். அவளைப் பார்த்து நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ கெட்டவன் இல்லை. உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும்தான்.

அவள் இருபது நிமிஷம் பேசினாள். அழவில்லை. கழுத்தில் இருந்த கம்பெனி அட்டையின் டேகை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, எந்த மாசம், எந்த அறை, அவன் என்ன சொன்னான், அவள் என்ன செய்தாள் என்று வரிசையாகச் சொன்னாள். அவ்வளவு தெளிவாகச் சொன்ன பெண்ணை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாய். நான் பெற்று வளர்த்த பிள்ளையின் முகம். அவள் சொன்னதில் இருந்த வார்த்தைகளை அந்த முகத்துக்கு எதிரே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"தப்பா நடந்துகிட்டானாம்" என்றேன்.

"தப்பான்னா? எப்படிம்மா?"

"அதான் சொல்றேனே. தப்பா நடந்துகிட்டான். லீவு கேட்டா ஒரு மாதிரி பேசுவானாம், கையைப் புடிப்பானாம். எழுதிக்கோ."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். மறுபடி எப்படி என்று கேட்கவில்லை. 'தகாத முறையில் நடந்துகொண்டார்' என்று எழுதினாய். அந்த நிமிஷத்தில் உன் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன். உனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஒருத்தி வாயை மூடினோம், மரியாதை என்ற பெயரில். இருபது நிமிஷம் நாலு வரியாகிவிட்டது, அதில் ஒன்று, கையைப் பிடிப்பானாம் என்பது, அவள் சொல்லாத வரி, நானாகப் போட்டது. நீ அந்தக் காகிதத்தை அவளிடம் நீட்டினாய். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "மாவுசி, எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

இதைப் படிக்கும்போது, அம்மா என்ன இவ்வளவு கூச்சப்பட்டாள், கோர்ட்டில் எத்தனையோ சொன்னவள்தானே என்று நீ நினைக்கலாம். மற்ற வக்கீல்களிடம் நான் எதையும் விட்டதில்லை. எதிரே நீ இருந்ததுதான் விஷயம். நீ ஏழாவது படிக்கும்போது, மெடிக்கல் ஷாப்பில் பேப்பர் சுற்றிக் கொடுத்த பொட்டலத்தைக் காட்டி "இன்னாமா இது?" என்று கேட்டாய். நடுரோட்டில் அறைந்தேன். நீ அழுதாய், ஏன் அடி வாங்கினாய் என்று உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வீட்டில் அந்த மூன்று நாள் பற்றிப் பேச்சே கிடையாது. நான் படுத்திருந்தால், அம்மாவுக்குத் தலைவலி. இப்படித்தான் உன்னை வளர்த்தேன். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் அறை விழும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் உன்னை வக்கீலுக்கும் படிக்க வைத்தேன். இரண்டாவது தடவை 'எப்படி' என்று நீ கேட்காமல் போனதற்குப் பாதி காரணம் அந்த அறை. மீதி உன்னுடையது, அதை நான் சுமக்க மாட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் நம் காகிதத்தையே பார்த்து எழுதிக்கொண்டார்கள். கேஸ் விசாரணைக்கு வந்தபோது கோர்ட்டில் வேறு ஒரு பெண்ணைப் பாஷை பெயர்க்கப் போட்டார்கள், புவனேஸ்வரத்துக்காரி, உன் வயசுதான் இருக்கும். அவள் ஒழுங்காகத் தொழில் தெரிந்தவள். பசந்தி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும், கூட்டாமல் குறைக்காமல், 'அவள்' என்று மாற்றாமல் 'நான்' என்றே சொன்னாளாம். எதிர் வக்கீல் எழுந்து நம் புகாரைத் தூக்கிக் காட்டினார். இதெல்லாம் இதில் எங்கே இருக்கிறது, கையைப் பிடித்தான் என்றுதானே இருக்கிறது, இன்றைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று மத்தியானம் நீ வீட்டுக்கு வந்து, சோற்றில் கை வைத்தபடி கேட்டாய்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கே எல்லாத்தையும் சொன்னேன்னு சொல்லுதும்மா. நீ எங்கிட்ட எதுவுமே சொல்லலியே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேஸ் நடந்துகொண்டிருந்தது, தீர்ப்பு வரவில்லை, என்னைச் சாட்சியாக ஏற்றியிருக்கலாம். நான் உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "அவ சொல்லல. சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?" என்றேன். நீ அடுத்த கேள்வி கேட்கவில்லை. அம்மா சொன்னால் அவ்வளவுதான். கட்சிக்காரி சொன்னதையும் அம்மா சொன்னதையும் வைத்துப் பார்த்து, அம்மாவை நம்பினாய். நல்ல பிள்ளை செய்கிற காரியம், கேவலமான வக்கீல் செய்கிற காரியம். அன்றைக்கு நான் இன்னொரு கவளம் உன்னைச் சாப்பிட வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்த இன்சார்ஜ் விடுதலையாகி வெளியே வந்துவிட்டான். இப்போது ஒரகடம் பக்கம் வேறு ஹாஸ்டலில் அதே வேலையில் இருக்கிறான். போன மாசம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கழுத்தில் டேக், கையில் ரிஜிஸ்டர், சுற்றி ஆறேழு புதுப் பெண்கள், அவன் ஏதோ சொல்ல அவர்கள் தலையாட்டினார்கள். என்னை அடையாளம் தெரிந்து, "நல்லா கீறீங்களாம்மா?" என்று கேட்டான். எனக்கு நன்றி சொல்கிற மாதிரி இருந்தது. சொல்ல வேண்டியதுதான், அவன் வக்கீலைவிட நான்தான் அவனுக்கு அதிகம் உதவியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். உன் அப்பா வெயில் என்றார்.

உன் குறிப்பு வந்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை மறைமலை நகருக்குப் போனேன். பசந்தி இப்போது அங்கே ஒரு கம்பெனியில் இருக்கிறாள், இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு அறை. யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பாய் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எதைச் சொல்லவில்லை, எதை நானாகச் சேர்த்தேன், உன்னிடம் என்ன பொய் சொன்னேன், எல்லாம். அவள் குனிந்து ஒரு சட்டையைப் பிழிந்தாள்.

"தெரியும் மாவுசி" என்றாள். "அன்னிக்கே தெரியும். நான் எவ்வளவு நேரம் பேசினேன், நீங்க எவ்வளவு நேரம் பேசினீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டே?"

"உங்களை விட்டா எனக்கு இங்க பேச வேற யார் இருந்தாங்க?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பீலுக்கு இன்னும் வழி இருக்கிறது என்று ஒரு தடவை நீயே சொன்னாயே, ஆனால் அந்தப் பெண் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று ஃபைலைக் கட்டி அலமாரி மேல் போட்டாயே, அதை அவளிடம் சொன்னேன். நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன், எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்கிறேன், உனக்குச் சம்மதமா பசந்தி என்றேன். துவைத்ததையெல்லாம் கொடியில் போட்டு முடித்தாள். பிறகு சம்மதம் என்றாள். நடந்ததைச் சனிக்கிழமை வகுப்பில் வாசிக்கலாமா என்றும் கேட்டேன். "பேரைச் சொல்லாம வாசிக்கட்டும். ஆனா உங்க பிள்ளை வாசிக்கணும். அவர் வாயால" என்றாள்.

அதனால் உன் ஏழாம் பக்கத்தைக் கிழித்துப் போடு. அந்த இடத்தில், பெயர்களை எடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தை வாசி. அம்மா என்று வருகிற இடத்தை மாற்றாதே. பாஷை பெயர்க்க அம்மாவைக் கூப்பிடாதீர்கள், புருஷனின் அண்ணனைக் கூப்பிடாதீர்கள், சொந்தம் யாரையும் கூப்பிடாதீர்கள் என்று சொல், ஏன் என்று கேட்டால் என்னைக் காட்டு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல். அவள் இருபது நிமிஷம் பேசி, பெயர்த்துச் சொல்கிறவள் நாலு வரி சொன்னால், பேனாவை மூடிவிட்டு மீதி எங்கே என்று கேட்கச் சொல். உங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியாத வார்த்தை ஏதாவது உண்டா என்று வேலை தொடங்கும் முன்பே கேட்கச் சொல், என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நான் உண்டு என்று சொல்லி எழுந்து போயிருப்பேன். எழுதியதை அவள் பாஷையிலேயே அவளுக்குத் திரும்பப் படித்துக் காட்டச் சொல். இதையெல்லாம் நான் மேடையில் நின்று பத்து நிமிஷத்தில் அழகாகச் சொல்லிவிட்டுச் சால்வையோடு இறங்கியிருக்கலாம். கேட்கிறவர்களும் கைதட்டியிருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். திங்கட்கிழமை காலையில் உன் ஆபீஸுக்கு வருகிறேன், என்னை உன் அம்மாவாக நினைக்காமல், இரண்டு தடவை பொய் சொன்ன சாட்சியாக உட்கார வைத்துக் கேள்வி கேள். கூச்சப்படாதே. இல்லை, உன்னால் முடியாது என்றால் வேறு வக்கீலிடம் ஃபைலைக் கொடுத்துவிடு.

இனி அவள் அன்றைக்குச் சொன்னது. நேற்று அவளிடம் போனில் ஒரு தடவை முழுசாகப் படித்துக் காட்டினேன், ஒரு இடத்தில் திருத்தினாள். இதில் வருகிற 'நான்', நான் இல்லை, அவள்.

"எங்க ஹாஸ்டல்ல பீரியட்ஸுக்கு லீவு கேட்டா, உண்மைதானான்னு பார்ப்பாங்க. முன்னாடி வார்டன் அக்கா பார்த்தாங்க. அவங்க போன பிறகு இன்சார்ஜ் தானே பார்க்கிறேன்னு சொன்னான். என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். பேன்ட்டை இறக்கச் சொன்னான். பேடை எடுத்துக் காட்டச் சொன்னான். காட்டினேன். என் விரல்ல ரத்தம் பட்டதைப் பார்த்துச் சிரிச்சான். அப்புறம் என் தொடைக்கு நடுவுல கை வச்சான். நான் தட்டிவிட்டேன். அப்படின்னா லீவு இல்லைன்னான். எனக்கு நிக்க முடியல, வயித்து வலி, அதனால அடுத்த தடவை தட்டல. இப்படி நாலு மாசம். அஞ்சாவது மாசம் நான் லீவே கேட்கல. எட்டு மணி நேரம் கம்பெனி லைன்ல நின்னேன். பேன்ட் நனைஞ்சு போச்சு, எல்லாரும் பார்த்தாங்க, நான் நகரல. அவன் கையைவிட அது மேல்னு இருந்துச்சு. இதை நான் எங்க அம்மாகிட்டகூடச் சொல்லல. நீங்க அவர்கிட்ட சொல்லிடுங்க, மாவுசி."